ராமநாதபுரம் கடலோரத்தில் முதல் மணல் ஓட்டம்: கடற்கரை வேண்டாம், பனங்காட்டில் தொடங்குங்கள்

புதிதாகத் தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற ஜீப் ரக வண்டி வாங்கியவர்கள் ராமநாதபுரம் பக்கம் வந்தால் நேரே தனுஷ்கோடிக்குத்தான் வண்டியை விடுகிறார்கள். அலை ஓரத்தில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை. அங்கே மணலில் இறக்கவே இறக்காதீர்கள். சாலை இல்லாத காலத்தில் மணலிலும் தண்ணீரிலும் வேன் ஓட்டித்தான் ஆட்களை அழைத்துப் போனார்கள். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்ததும் அந்தத் தேவை முடிந்துவிட்டது. 2025-ல் தனுஷ்கோடிப் பகுதியில் பூநாரைச் சரணாலயமும் அறிவித்துவிட்டார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, அலை தொடாத உலர்ந்த மணலில் ஒன்றரை அடி ஆழத்தில் முட்டையிடுகின்றன. குஞ்சு வெளியே வர ஏறக்குறைய 45 முதல் 55 நாள் ஆகும். மேலே டயர் ஏறினால் மணல் இறுகிவிடும். பொரித்து வந்த குஞ்சுகள் டயர் பள்ளத்துக்குள் விழுந்தால், கடல் பக்கம் ஏற முடியாமல் அந்தத் தடத்திலேயே ஓடி ஓய்ந்து காகத்துக்கும் நாய்க்கும் இரையாகும். மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும்தான். அவற்றின் மேல் நாலு வண்டி போனால் போதும், தென்மேற்கிலிருந்து வீசும் அடுத்த கச்சான் காற்றில் அந்த மேடு கரையத் தொடங்கும். ஆகவே கடற்கரை, மணல்மேடு இரண்டையும் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

பழக வேண்டிய இடம் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. கீழக்கரையிலிருந்து ஏர்வாடி, சாயல்குடி வரை சாலையின் தென்பக்கம் பிரிந்து போகும் வண்டித்தடங்களைப் பாருங்கள். பனங்காட்டுக்கும் மீனவர் குடியிருப்புக்கும் தென்னந்தோப்புக்கும் போகிற தடங்கள். ஏற்கெனவே சக்கரம் ஓடி ஓடி உண்டானவை என்பதால் புதிதாக எதையும் நாசம் செய்யப் போவதில்லை. மணல் இளகியிருக்கும், ஆனால் செம்மணல் தேரிக்காட்டைப் போல ஆளை விழுங்கும் ஆழம் இருக்காது. ஓரத்தில் வேர் ஓடியிருப்பதால் மண்ணுக்குப் பிடிப்பு உண்டு. புதைந்தாலும் கூப்பிடு தூரத்தில் ஆளும் டிராக்டரும் கிடைக்கும். பழகுபவருக்கு இதைவிட நல்ல களம் இந்த மாவட்டத்தில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

முதல் தடவைக்குத் தடத்தின் நீளம் போக 3 கிலோமீட்டர், வர 3 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். அதில் இளகிய மணல் ஒரு கிலோமீட்டர் இருந்தாலே கை பழகிவிடும். போகும் வழியில் வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா என்று முதலில் நடந்தே பாருங்கள். திருப்ப இடமில்லாத தடம், எவ்வளவு சமமாக இருந்தாலும், புதியவருக்கு எளிய தடம் அல்ல.

ஊர்க்காரர்களிடம் வழி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "அண்ணே, இதுல வண்டி போகுமா?" என்று கேட்டால் "தாராளமாப் போகும்" என்பார்கள். அவர் மனதில் இருப்பது டிவிஎஸ் எக்ஸ்எல்லாகவோ டிராக்டராகவோ இருக்கும். எக்ஸ்எல் மேட்டின் விளிம்பிலேயே போய்விடும். டிராக்டரின் பின் டயர் நெஞ்சு உயரத்துக்கு இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி, "குட்டி யானை வருமா அண்ணே?" என்பதுதான். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டாடா ஏஸ் சரக்கோடு வந்துபோகிற தடத்தில், டயரில் காற்றைக் குறைத்த ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கும்) வண்டி திணற வழியே இல்லை. கூடவே, "மழைக்கு அப்புறம் எங்கேயாவது ஈரம் நிக்குதா?" என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணைப் பார்க்கும் விதம்

இந்தக் கடலோரத்தில் ஒரு பர்லாங்குக்கு ஒரு மண். பனங்காட்டு மணலில் போய்க்கொண்டிருக்கும்போதே தடம் இறங்கி உவர்ப் பொட்டலுக்குள் நுழைந்துவிடும். ஆபத்து அங்கேதான். மேலே வெள்ளையாக உப்புப் பூத்து, காய்ந்து, வெடித்து, கிரிக்கெட் ஆடலாம் போலத் தெரியும். இரண்டு அங்குலத்துக்குக் கீழே கருஞ்சாம்பல் களி. மேல் ஓடு உடைந்ததும் வண்டி அச்சு வரை இறங்கும். மணலில் புதைந்த வண்டியைத் தோண்டி எடுக்கலாம். களி டயரைச் சுற்றிக் கவ்விக்கொள்வதால், இழுக்க இரண்டு மூன்று மடங்கு பலம் வேண்டியிருக்கும்.

நிறம் மாறுகிற இடத்தில் நிறுத்தி இறங்குங்கள். குதிகாலை ஊன்றி முழு எடையையும் போடுங்கள். தடம் அரை அங்குலத்துக்கு மேல் பதிந்தாலோ, பதிந்த இடத்தில் ஈரம் கசிந்தாலோ திரும்பிவிடுங்கள். ஓர் அடி நீளக் கம்பியைக் குத்திப் பார்ப்பது இன்னும் நல்லது. முதலில் இறுக்கமாக இருந்து, பிறகு சட்டென்று சுலபமாக உள்ளே போனால் கீழே களி. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. மேல்பரப்பு பொங்கலுக்குள் காய்ந்துவிட்டாலும் உள்ஈரம் மாசி, பங்குனி வரைகூட நிற்கும். வாலிநோக்கம் பக்கம் உப்பளங்களை ஒட்டிய பொட்டல்களில் கோடையிலும் அடி ஈரமாகவே இருக்கும். உப்பளப் பாத்தி வரப்பில் ஏறுவது அடுத்தவர் பிழைப்பில் மண்ணைப் போடுவது. அதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

கடலாடி, முதுகுளத்தூர் பக்கம் உள்ளே போனால் கரிசல். காய்ந்தால் கல், நனைந்தால் டயர் கட்டையின் இடுக்கெல்லாம் அடைத்து வழவழவென்று ஆகிவிடும். மழை விட்டு ஒரு வாரமாவது ஆகாமல் அங்கே போக வேண்டாம். கண்மாய் கலுங்கில் தண்ணீர் ஓடும்போது குறுக்கே இறங்குவதும் புதியவர் வேலை இல்லை.

காற்றைக் குறைப்பதுதான் பாதி வித்தை

மணலில் மாட்டும் வண்டிகளில் பெரும்பாலானவை சாலைக் காற்றோடு இறங்கியவை. எஞ்சின் பலம், டயர் ரகம், டிஃபரன்ஷியல் லாக் (ஒரே அச்சின் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுவது) எல்லாம் அதற்குப் பிறகுதான். காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கூடுவது முக்கியமாக நீளம். தரையில் படும் பகுதி முன்னும் பின்னுமாக நீள்வதால், அதே எடை அதிகப் பரப்பில் பரவுகிறது, டயர் மணலை வெட்டாமல் மேலே மிதக்கிறது.

தார்ச்சாலையை விட்டு இறங்கியதும் நிறுத்தி, நான்கு டயரையும் 18 பி.எஸ்.ஐ.க்குக் கொண்டு வாருங்கள். தார் போன்ற கனமான வண்டிக்கு 18, ஏறக்குறைய 1,200 கிலோ மட்டுமே இருக்கும் ஜிம்னிக்கு 16 போதும். மணல் இன்னும் இளகினால் 14. புதைந்தபின் வெளியே வருவதற்காக மட்டும் 12. அதற்குக் கீழே போனால், திருப்பும்போது டயர் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். அதைத் தடத்திலேயே மாட்டுவது பெரும்பாடு. 18-ல் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள், 14-ல் 20-ஐத் தாண்டாதீர்கள், இரண்டிலும் சட்டென்று ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள்.

காற்றின் அளவைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், 500 ரூபாய்க்குள் ஒரு கேஜ் வாங்கிவிடலாம். டயர் சூடேறினால் அழுத்தமும் ஏறும். காலையில் 18 வைத்தது பத்து மணி வெயிலுக்கு 20, 21 காட்டும். மணல் திடீரென்று கனப்பதுபோலத் தோன்றினால் முதலில் கேஜை வைத்துப் பாருங்கள்.

திரும்பக் காற்றடிக்க 12 வோல்ட் கம்ப்ரஸர் கட்டாயம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற ரகத்தை நம்பாதீர்கள், அந்த ஃபியூஸ் 10, 15 ஆம்பியர்தான் தாங்கும். நேரடியாகப் பேட்டரியில் கவ்வும் கிளிப் உள்ளதை வாங்கி, எஞ்சினை ஓடவிட்டே அடியுங்கள். டயருக்கு 5 முதல் 10 நிமிடம் ஆகும். இரண்டு டயர் முடிந்ததும் கம்ப்ரஸரைக் கொஞ்சம் ஆறவிடுங்கள். பக்கத்து பங்க் நாலு கிலோமீட்டர்தானே என்று 16 பி.எஸ்.ஐ.யில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80-ல் போனால் பக்கச்சுவர் வளைந்து வளைந்து சூடேறி டயர் கிழியும்.

ஓட்டும் முறை

முதலில் உங்கள் வண்டி எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தார் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள மாடலாகவும் விற்கிறது. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான். உள்ளே இரண்டாவது லிவரோ, ஃபோர் லோ (நான்கு சக்கர இழுவை, குறைந்த வேகம், அதிக பலம்) பட்டனோ இல்லையென்றால் அது மணலுக்கான வண்டி அல்ல.

தார், ஜிம்னி, கூர்க்கா மூன்றிலும் ஃபோர் ஹை (நான்கு சக்கர இழுவை, வழக்கமான வேகம்) போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், நடுவில் வேக வித்தியாசத்தை ஈடுகட்டும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட நீண்ட பாதையில் போக வேண்டும். மணலில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க முடியாததால் முறுக்கு முழுவதும் பல்சக்கரங்களில் ஏறும், லிவர் இறுகி டூ ஹைக்கு (சாதாரண இரு சக்கர இழுவைக்கு) வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அப்படி இறுகினால் நேராகப் பத்தடி பின்னால் எடுங்கள், தளர்ந்துவிடும். எளிய விதி: மணல் தொடங்குவதற்கு முன் ஃபோர் ஹை, தார்ச்சாலை தொடங்குவதற்கு முன் டூ ஹை. ஃபோர் லோவுக்கு வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்துத்தான் மாற்ற வேண்டும்.

வண்டி வழுக்காமல் தானே கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.பி.யை அணைத்துவிடுங்கள். சக்கரம் சுழன்றால் எஞ்சின் பலத்தைக் குறைப்பது அதன் வேலை. மணலில் கொஞ்சம் சுழல்வது இயல்பு, அந்த நேரத்தில் பலம் குறைந்தால் வண்டி நின்றுவிடும்.

ஃபோர் ஹையில் இரண்டாவது கியரில் கிளம்புங்கள். முதல் கியரில் சக்கரம் தோண்டத் தொடங்கிவிடும். கிளட்ச்சை முழுதாக விட்டபின் ஆக்ஸிலரேட்டரை மெதுவாகக் கூட்டி, மணிக்கு 15 முதல் 25 கிலோமீட்டரில் ஒரே சீராகப் போங்கள். கிளட்ச்சில் பாதிக் காலை வைத்துக்கொண்டே மணலைத் தாண்டப் பார்ப்பவர்களின் கிளட்ச் தட்டு ஒரே காலையில் கருகும். கருகல் வாடை வந்தால் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டு, ஃபோர் லோவுக்கு மாறி, இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் எடுங்கள். நடுவில் கியர் மாற்றவும் வேண்டாம். கிளட்ச் மிதித்த அந்த ஒரு நொடியில் மணல் வேகத்தைத் தின்றுவிடும்.

நிறுத்தும்போது பிரேக்கைத் தொடாதீர்கள். பிரேக் போட்டால் ஒவ்வொரு டயருக்கு முன்னும் மணல் குவிந்து வரப்பு கட்டிவிடும், மறுபடி கிளம்ப அந்த வரப்பில் ஏற வேண்டும். ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால் மணலே நிறுத்தும். நிறுத்தும் இடம் லேசான இறக்கமாகவோ, கெட்டித் தரையாகவோ இருக்கட்டும்.

ஆழமான தடத்துக்குள் போகும்போது முன் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஸ்டியரிங்கை வைத்துத் தெரியாது. சக்கரம் கோணலாக இருந்தால் அதுவே பிரேக்காகிவிடும். கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டிப் பார்த்து நேராக்குங்கள். கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்கு வெளியே வையுங்கள். பனங்கட்டையில் சக்கரம் மோதினால் ஸ்டியரிங் வெட்டி, உள்ளே இருக்கும் விரல் முறியும்.

புதைந்தால்

வண்டி முன்னே நகராத அந்த நொடியிலேயே காலை எடுத்துவிடுங்கள். இதில் மட்டும் பிடிவாதம் கூடவே கூடாது. சக்கரம் நான்கு சுற்று சுழன்றால் அரை அடி, பத்து சுற்றில் வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும். ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுத்துப் பாருங்கள். உங்கள் டயர் ஏற்கெனவே அழுத்திய மணல் அது, முன்னால் இருப்பதைவிடக் கெட்டி. பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையா, இறங்கி வண்டிக்கு அடியில் பாருங்கள். டிஃபரன்ஷியல் குண்டோ, சேஸிஸ் குறுக்குச்சட்டமோ மணலில் தொட்டுக்கொண்டிருந்தால் முதலில் அதைத் தோண்டி விடுவிக்க வேண்டும். பிறகு போக வேண்டிய திசையில் நான்கு டயருக்கும் எதிரே மண்வெட்டியால் இரண்டடி நீளத்துக்குச் சரிவாக மணலை அள்ளுங்கள். காற்றை 12-க்கு இறக்குங்கள். மீட்புப் பலகை இருந்தால் டயருக்கு அடியில் நெருக்கிச் செருகுங்கள். இல்லையென்றால் தென்னமட்டை, பழைய சாக்கு. பனை மட்டை வேண்டவே வேண்டாம். அதன் கருக்கு கையையும் கிழிக்கும், காற்றிறங்கிய டயரின் பக்கச்சுவரையும் அறுக்கும். ஆட்கள் பின்னால் நின்று தள்ளினால் பலகைக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது, டயர் அதைப் பின்னால் எறியும்.

ஊரில் டிராக்டர் வந்தால் கூடவே படகுக் கயிறும் வரும். வெயிலிலும் உப்பிலும் கிடந்து உள்ளுக்குள் இற்றுப்போன கயிறு எவ்வளவு தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் சொந்த இழுவைப் பட்டையைக் கொடுங்கள். 9 மீட்டர், 8 டன் பட்டை ஒன்றும், பட்டையைக் கொக்கியோடு இணைக்கும் 4.75 டன் ஷேக்கிள் இரண்டும் வண்டியில் இருக்க வேண்டும். சேஸிஸில் போல்ட் செய்த கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். பம்பர், அச்சு, ட்ரெய்லர் உருண்டை எதிலும் மாட்டக் கூடாது. அந்த உருண்டை பிய்ந்து வந்தால் குண்டுபோலப் பாயும். டிராக்டர்காரரிடம் சுண்டி இழுக்காமல் மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். பட்டை நீளத்தின் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஆளோ பிள்ளைகளோ நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் டீசலுக்கும் ஆள் கூலிக்கும் கேட்கும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

ஜாக்கி மணலில் நேராக உள்ளே இறங்கிவிடும். ஓர் அடிக்கு ஓர் அடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு ஒன்று அடியில் வைக்க வேண்டும். இதை மறந்தவர் ஸ்டெப்னி இருந்தும் மாட்ட முடியாமல் நிற்பார்.

சீமைக் கருவேலம்

ராமநாதபுரத்தில் மணலைவிட அதிகம் வண்டிகளை நிறுத்துவது முள். கரிமூட்டத்துக்குக் கருவேலம் வெட்டிய இடங்களில் தடம் முழுக்கக் காய்ந்த முள் கிடக்கும், தரையோடு வெட்டிய அடிக்கட்டையும் மணலுக்குள் ஒளிந்திருக்கும். காற்றைக் குறைத்த டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்குவதால் ஓரத்து முள் அதில்தான் ஏறும். அடிப்பக்கத்துப் பஞ்சரை ஒட்டலாம், பக்கச்சுவரில் ஓட்டை விழுந்தால் டயரையே மாற்ற வேண்டும். ஆகவே தடத்தின் நடுவிலேயே போங்கள், எதிரே வண்டி வந்தாலும் முள்வேலி பக்கம் ஒதுங்காதீர்கள்.

முள் ஏறியது தெரிந்தால் உடனே பிடுங்காதீர்கள். அதுவே ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும். பஞ்சர் கிட், கம்ப்ரஸர் இரண்டையும் எடுத்து வைத்த பிறகு பிடுங்கி, துளையை அரத்தால் தேய்த்து, பசை தடவிய பட்டையைச் செருகி, வெளியே நீட்டியிருப்பதை நறுக்கிவிடுங்கள். டயர் ரகத்தில் எல்லாத் தரைக்குமான ஏ.டி. இந்தப் பக்கத்துக்குச் சரி. சேற்றுக்கான எம்.டி. டயரின் பெரிய கட்டைகள் மணலைத் தோண்டத்தான் செய்யும்.

நேரம், காற்று, ஆட்கள்

விடிகாலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடியுங்கள். இரவுப் பனியில் மணல்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியாக இருக்கும், வெயில் ஏறியதும் உதிர்ந்து ஓடும். காலையில் சுலபமாகப் போன தடம் மதியம் திரும்பும்போது வேறு தடமாகிவிடும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் உவர்ப் பொட்டல் தவிர மற்ற இடம் நல்ல நிலையில் இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை கச்சான் அடிக்கும்போது மணல் பறந்து தடத்தையே மூடும், ஏர் ஃபில்டரும் அடைக்கும்.

மாசி முதல் ஆடி வரை பதநீர் இறக்கும் காலம். விடியும் முன்பே பனையேறிகள் தடத்தில் இருப்பார்கள். எக்ஸ்எல்லில் குடம் கட்டி வருபவருக்கு ஒதுங்கி நின்று வழி விடுங்கள், அவரைக் கடக்கும்போது எஞ்சினை முறுக்காதீர்கள். பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலி பக்கத்தில் புழுதி கிளப்பினால் கொதிக்கும் பதநீரில் மண் விழும், அன்றைய கருப்பட்டி போயிற்று. தோப்பு பட்டா நிலம் என்றால் உரியவரிடமும், மீனவர் குடியிருப்பு வழியாகப் போனால் ஊர்ப் பெரியவரிடமும் முன்பே கேளுங்கள். காய்கிற வலையின் மேல் டயர் ஏறக் கூடாது. வனத்துறை நிலத்தில் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. இருட்டிய பிறகு கடலோரத் தடங்களில் சுற்ற வேண்டாம், இலங்கைக் கடல் பக்கத்தில் இருப்பதால் இங்கே போலீஸ் கண்காணிப்பு அதிகம். ஆர்.சி., லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் கையோடு இருக்கட்டும். முதல் ஓட்டத்துக்கு இரண்டு வண்டியாகப் போங்கள், ஆளுக்கு 5 லிட்டர் குடிதண்ணீர் வையுங்கள்.

திரும்பிய பிறகு

சாலைக்கு ஏறும் முன் டூ ஹை, முழுக் காற்று, நான்கு வீலின் நட்டுகளிலும் ஒரு பார்வை. அன்றைக்கே வாட்டர் சர்வீஸ் கொடுங்கள். மேல் பளபளப்பு அவசியமில்லை, அடிப்பாகம்தான் முக்கியம். சேஸிஸ் சட்டத்தின் உள்பக்கம், பிரேக் டிஸ்க், ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், ஸ்டெப்னி தாங்கி இவற்றில் உப்பு மணல் தங்கிவிடும். லிஃப்டில் ஏற்றி நல்ல தண்ணீரால் அடிக்கச் சொல்லுங்கள். கடலோர சர்வீஸ் ஸ்டேஷன் சிலவற்றில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும், நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டே வண்டியை ஏற்றுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள். ரிம்மின் உள்பக்கம் மணல் ஒட்டியிருந்தால் 80-க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும், அலைன்மென்ட் பார்க்கும் முன் அதைக் கழுவிப் பாருங்கள்.

மறுநாள் காலை டயர் ஆறியிருக்கும்போது நான்கிலும் கேஜ் வையுங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறைந்திருந்தால் உள்ளே முள் ஒடிந்து நிற்கிறது. சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி வரும் இடத்தைக் காட்டிவிடும்.